விறகு விளைக்கும் அடுப்பு

ஒரு வீட்டில் அதிசயமான அடுப்பு ஒன்று இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். காலையில் வீட்டு அம்மாள் அதில் பத்து விறகுக் கட்டைகளை அடுக்கித் தீ மூட்டுகிறாள். சோறு வேகிறது; குழம்பு கொதிக்கிறது; குளிப்பதற்கு வெந்நீரும் காய்ந்துவிடுகிறது. அந்தி சாயும் வேளையில் அவள் சாம்பலைக் கிளறிப் பார்க்கிறாள். என்ன ஆச்சரியம்! சாம்பலுக்குள்ளே பதினொரு கட்டைகள் கிடக்கின்றன. பத்தை மறுநாள் சமையலுக்கென்று எடுத்து வைத்துக்கொண்டு, மிஞ்சிய ஒன்றை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறாள்.

"இதென்ன, பாட்டி கதையா?" என்று நேயர்கள் சிரிக்கலாம். பாட்டி கதையல்ல, பௌதிக சாஸ்திரம். சென்னைக்குத் தெற்கே சுமார் எழுபது கிலோமீட்டர் தூரத்தில், மாமல்லபுரத்தையும் தாண்டி, டச்சுக்காரர்களின் பழங்கோட்டை நிற்கும் சதுரங்கப்பட்டினத்தின் அருகே, கல்பாக்கம் என்னும் கடற்கரை ஊர் இருக்கிறது. அவ்வூரில் 1985-ம் வருஷம் அக்டோபர் 18-ந் தேதி, இந்த இனத்தைச் சேர்ந்த அடுப்பொன்று நமது தேசத்தில் முதன்முதலாகப் பற்றிக்கொண்டது.

பசு கன்றை ஈனுகிறது. வாழை குலையை ஈனுகிறது. அதுபோலத் தான் எரியும்போதே எரிபொருளையும் ஈனுகின்ற அணு உலைக்கு 'ஈனுலை' என்று தமிழில் அழகான பெயர் அமைந்திருக்கிறது. இதை அட்சய பாத்திரத்துக்கு ஒப்பிடத் தோன்றும். ஆனால் அந்த ஒப்புமை பொருந்தாது. அட்சய பாத்திரத்தில் ஒன்றும் இடாமலே அன்னம் சுரக்கும். ஈனுலையிலோ இட்டதுதான் எடுக்கப்படுகிறது. இல்லாததிலிருந்து எதுவும் வருவதில்லை. இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. ஒரு வரவு செலவுக் கணக்குத்தான் இருக்கிறது. அந்தக் கணக்கு விளங்கிவிட்டால், ஈனுலையின் பெருமை, அதன் அபாயம், அது வளர்வதிலுள்ள தாமதம் ஆகிய மூன்றும் சேர்ந்தே விளங்கிவிடும்.

ஆயிரத்தில் ஏழு

யுரேனியம் என்னும் உலோகத்தைப் பூமியிலிருந்து தோண்டி எடுத்துச் சுத்தம் செய்து பார்த்தால், அதிலுள்ள அணுக்கள் இரண்டு வகையாக இருக்கக் காணலாம். இரட்டைப் பிள்ளைகளைப் போல ரசாயன குணத்தில் இரண்டும் ஒன்றே. எடையில் மட்டும் சிறிது வித்தியாசம். ஒன்றுக்கு யுரேனியம்-235 என்றும், மற்றொன்றுக்கு யுரேனியம்-238 என்றும் பெயர். ஆயிரம் அணுக்களை எண்ணினால் ஏழுதான் முதல் வகை. மற்ற 993-ம் இரண்டாம் வகை.

இந்த ஏழும் எரியக்கூடியவை. அணுக்கருவுக்குள் நியூட்ரான் என்று மின்சாரமேற்றம் இல்லாத ஒரு நுண்ணிய துணுக்கு இருக்கிறது. வெளியிலிருந்து அப்படியொரு நியூட்ரான் வந்து யுரேனியம்-235-ன் கருவில் புகுந்தால், அந்தக் கரு இரண்டாகப் பிளந்து போகிறது. பிளக்கும்போது ஏராளமான உஷ்ணமும், கூடவே இரண்டு அல்லது மூன்று புதிய நியூட்ரான்களும் வெளிப்படுகின்றன. அப்புதிய நியூட்ரான்களில் ஒன்று அடுத்த கருவைப் பிளக்கிறது. அதிலிருந்து வெளிப்பட்டது இன்னொன்றைப் பிளக்கிறது. இப்படியே சங்கிலிபோல் தொடர்ந்து செல்வதுதான் அணுத் தீ. சிகாகோ சர்வகலாசாலையில் 1942-ம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி, என்ரிகோ பெர்மி என்ற இத்தாலிய விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் இந்தச் சங்கிலியைக் கட்டுக்குள் வைத்து நடத்தி முதன்முதலாகக் காட்டினார்கள். ஒரு கிராம் யுரேனியம்-235 முழுதும் பிளந்தால் கிடைக்கும் உஷ்ணம், ஏறத்தாழ மூன்று டன் நல்ல நிலக்கரியின் உஷ்ணத்துக்குச் சமம்.

மற்ற 993-ன் சமாசாரம் என்ன? அவை பச்சை விறகு போன்றவை. நியூட்ரான் வந்தால் பெரும்பாலும் பிளப்பதில்லை. அதை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்துவிடும். சாதாரண அணு உலைகள் ஆயிரத்தில் ஏழாக இருக்கும் காய்ந்த சுள்ளிகளை நம்பியே எரிகின்றன. அதனால் தோண்டி எடுத்த யுரேனியத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட அவை பயன்படுத்திக் கொள்வதில்லை. ஒரு வண்டி விறகு வாங்கிவந்து, ஒரு கைப்பிடிச் சுள்ளியை மட்டும் எரித்துவிட்டு, மிச்சத்தைக் கொல்லையில் எறிந்துவிடுகிற குடும்பம் எத்தனை நாள் தாங்கும்?

ஆனால் யுரேனியம்-238 நியூட்ரானை விழுங்கியதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. விழுங்கியதும் அது யுரேனியம்-239 ஆகிறது. அந்த உருவத்தில் அது நிலைத்திருப்பதில்லை. ஏறக்குறைய 23 நிமிஷத்தில் பாதி அணுக்கள் நெப்டூனியம் என்ற வேறொரு மூலப்பொருளாக மாறிவிடுகின்றன. நெப்டூனியமும் நிலைப்பதில்லை, இரண்டேகால் நாளுக்குச் சற்று அதிகமான காலத்தில் அதில் பாதி புளூட்டோனியம்-239 ஆகிவிடுகிறது. இதுவோ நீண்ட ஆயுள் படைத்தது. இருபத்து நாலாயிரம் வருஷம் சென்றாலும் அதில் பாதிதான் அழியும். அமெரிக்காவில் பெர்க்கிலி நகரிலே க்ளென் ஸீபோர்க் முதலியவர்கள் 1941-ம் வருஷத்தின் தொடக்கத்தில் புளூட்டோனியம் என்னும் இந்த மூலப்பொருளைக் கண்டறிந்தார்கள். யுரேனியம்-235-ஐப் போலவே இதுவும் நியூட்ரான் பட்டதும் பிளக்கும். அதாவது, பச்சை விறகு அடுப்புக்குள்ளேயே காய்ந்து நல்ல விறகாகிவிடுகிறது. ஈனுலையின் இரகசியம் இதுதான்.

சில்லறைக் கணக்கு

சாதாரண அணு உலைகளிலும் இந்த மாறுதல் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே பத்துக் கட்டை எரிந்தால் ஆறோ ஏழோ எட்டோதான் புதிதாகக் காய்கிறது. பத்துக்குப் பதினொன்று காயவேண்டுமானால் என்ன செய்வது? இங்கேதான் நியூட்ரான்களைச் சில்லறைக் காசுபோல் எண்ணிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

நூறு புளூட்டோனிய அணுக்கள் ஆளுக்கொரு நியூட்ரானை வாங்கிக்கொண்டன என்று கொள்வோம். எல்லாம் பிளப்பதில்லை, சில, வாங்கியதை வைத்துக்கொண்டு பேசாமலிருந்துவிடும். பிளப்பவை ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று நியூட்ரான்களைத் தரும். மெதுவாகச் செல்லும் நியூட்ரான்களைக் கொண்டு நடக்கும் உலையில், அந்த நூறு அணுக்களிடமிருந்து கிடைக்கும் மொத்த வரவு ஏறக்குறைய 200. வேகமாகச் செல்லும் நியூட்ரான்களைக் கொண்டு நடந்தாலோ, பேசாமலிருந்துவிடும் அணுக்கள் குறைந்துபோய், வரவு 240-க்கு மேலும் உயரும்.

இனிச் செலவைப் பார்ப்போம். தீ அணையாமலிருக்க நூறு நியூட்ரான்கள் வேண்டும். அவை அடுத்த நூறு அணுக்களுக்குப் போகும். எரிந்துபோன நூறுக்குப் பதிலாகப் புதிய நூறு புளூட்டோனிய அணுக்களை உண்டாக்க இன்னும் நூறு நியூட்ரான்கள் யுரேனியம்-238-க்குப் போகவேண்டும். ஆக, 200 செலவாகிவிட்டது. மெதுவான நியூட்ரான் உலையில் இதற்கு மேல் கையில் ஒன்றும் இல்லை. உலைச் சுவரிலுள்ள எஃகு விழுங்குவதற்கும், வெளியே சிந்திப் போவதற்கும் எங்கிருந்து கொடுப்பது? ஆகவே அங்கே எப்போதும் நஷ்டக் கணக்குத்தான். வேக உலையிலோ இன்னும் நாற்பது மிச்சமிருக்கிறது. அதில் முப்பது சேதாரமாகப் போனாலும், பத்து நியூட்ரான்கள் கூடுதலாகப் பத்துப் புளூட்டோனிய அணுக்களை ஈனும். நூறு எரிந்த இடத்தில் நூற்றுப் பத்து!

ஈனுலையை 'வேக ஈனுலை' என்று சொல்வதன் காரணம் இதனால் விளங்கும். உலை ஒன்றும் வேகமாக ஓடுவதில்லை. அதனுள்ளே பறக்கும் நியூட்ரான்கள்தாம் வேகமானவை. அணு பிளக்கும் தருணத்தில் அவை வினாடிக்குச் சுமார் 20,000 கிலோமீட்டர் வேகத்தில் பிறக்கின்றன. சாதாரண உலைகளில் தண்ணீரோ, கனநீரோ, கிராபைட்டோ அவற்றோடு மோதி மோதி, வினாடிக்கு இரண்டு கிலோமீட்டர் சில்லறைக்குக் கொண்டு வந்துவிடுகிறது. ஈனுலையில் இந்த வேகத்தடை இருக்கக்கூடாது.

வேகத்துக்கும் ஒரு விலை உண்டு. மெதுவான நியூட்ரானைப் போல வேகமான நியூட்ரான் அணுவிடம் எளிதில் அகப்படுவதில்லை. ஆகவே தீ தொடர்ந்து எரியவேண்டுமானால் எரிபொருள் மிகவும் செறிவாக இருக்கவேண்டும். அதில் ஐந்தில் ஒரு பங்கோ, அதற்கும் மேலோ புளூட்டோனியம் கலந்திருக்கவேண்டும். இந்தச் செறிந்த எரிபொருளை மெல்லிய எஃகுக் குழல்களில் அடைத்து, குழல்களைக் கட்டுக்கட்டாக நெருக்கி நிறுத்துகிறார்கள். அதைச் சுற்றிலும் யுரேனியம்-238 அடைத்த குழல்களை வேலிபோல் அடுக்குகிறார்கள். இதற்குப் 'போர்வை' என்று பெயர். நடுவிலிருந்து சிந்தும் நியூட்ரான்கள் வீணாகாமல், இந்தப் போர்வையில் புகுந்து புதிய புளூட்டோனியத்தை விளைவிக்கின்றன.

தண்ணீரைக் கண்டால் எரியும் உலோகம்

செறிவான எரிபொருள் சிறிய இடத்தில் எரிவதால் உஷ்ணமும் ஒரே இடத்தில் குவிகிறது. கல்பாக்கத்தில் 500 மெகாவாட் மின்சாரத்துக்கென்று அமைக்கப்பட்ட முன்மாதிரி ஈனுலையின் நடுப்பாகம் சுமார் ஒரு மீட்டர் உயரமும் இரண்டு மீட்டர் அகலமுமே உள்ளது. ஒரு சிறிய அறையின் மூலையில் அடங்கிவிடக்கூடிய அந்த இடத்திலிருந்து 1,250 மெகாவாட் உஷ்ணத்தை இடைவிடாமல் எடுத்துச் செல்லவேண்டும். எதைக் கொண்டு எடுப்பது?

தண்ணீர் உதவாது, அது நியூட்ரானின் வேகத்தைக் கெடுத்துவிடும். கோலிக்குண்டு ஒன்று அதே எடையுள்ள இன்னொரு கோலியோடு மோதினால் வேகத்தைப் பறிகொடுத்து நின்றுவிடுவதைச் சிறுவர்கள் அறிவார்கள். தண்ணீரிலுள்ள ஹைட்ரஜனின் கரு, நியூட்ரானுக்குச் சரியான எடையுள்ள கோலி. ஆகவே கனமான கரு உடையதும், உஷ்ணத்தை நன்றாக வாங்கிச் செல்வதும், நியூட்ரானை அதிகம் விழுங்காததுமான ஒரு திரவம் தேவை. ஆராய்ந்து பார்த்து ஸோடியத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நாம் தினம் உண்ணும் உப்பில் பாதியாக இருக்கும் அதே ஸோடியந்தான். தனித்த நிலையில் அது வெள்ளிபோல் பளபளக்கும் மிருதுவான உலோகம். 98 டிகிரி சென்டிகிரேடில் உருகித் தண்ணீர்போல் ஓடும். 880 டிகிரியைத் தாண்டினால்தான் கொதிக்கும். ஆகையால் தண்ணீர் உலைகளைப் போலப் பிரம்மாண்டமான அழுத்தத்தில் அதை அடைத்து வைக்கவேண்டியதில்லை. இது பெரிய சௌகரியம்.

அசௌகரியமும் அதற்கு ஈடாகவே இருக்கிறது. சூடான ஸோடியம் காற்றுப் பட்டால் தீப்பற்றும். தண்ணீர் பட்டால் சீறி, ஹைட்ரஜன் வாயுவை வெளிவிட்டு வெடிக்கும். உலையின் நடுவே ஓடும் ஸோடியம் கதிரியக்கமும் பெற்றுவிடுகிறது. ஆனால் கடைசியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து நீராவியாக்கினால்தானே மின்சார யந்திரம் சுழலும்? அதனால் மூன்று கை மாற்றுகிறார்கள். உலைக்குள் ஓடும் முதல் ஸோடியம், தன் உஷ்ணத்தை வேறு குழாயில் ஓடும் இரண்டாம் ஸோடியத்துக்குக் கொடுக்கிறது. அந்த இரண்டாம் ஸோடியந்தான் நீராவிக் கொதிகலனுக்குப் போகிறது. அங்கே ஒருபுறம் ஸோடியம், மறுபுறம் தண்ணீர். இரண்டுக்கும் நடுவே ஓர் எஃகுக் குழாயின் சுவர் மட்டும். அந்தச் சுவரில் ஊசித் துளை விழுந்தாலும் உடனே கண்டுபிடித்தாக வேண்டும். ஸோடியத்தின் மேற்பரப்பைக் காற்றுத் தீண்டாதபடி ஆர்கான் வாயு மூடியிருக்கும். அதுவன்றி, ஸோடியம் தண்ணீர்போல் தெளிவானதல்ல. உள்ளே என்ன நடக்கிறதென்று கண்ணால் பார்க்க முடியாது. குருடன் வீணையைத் தடவி ஸ்வரம் கண்டுபிடிப்பதுபோல, ஒலியலைகளை அனுப்பித்தான் உள்ளிருக்கும் பாகங்களின் நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்கு விளக்குகளும் பிறகு நடந்ததும்

அணுவிலிருந்து பயன்படத்தக்க அளவில் முதன்முதலாக மின்சாரம் கிடைத்தது ஓர் ஈனுலையிலேதான் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். அமெரிக்காவில் ஐடஹோ ராஜ்யத்திலுள்ள ஆர்க்கோ என்ற சிற்றூருக்கு அருகே, வால்ட்டர் ஸின் என்ற விஞ்ஞானியின் தலைமையில் ஒரு சோதனை ஈனுலை அமைத்தார்கள். 1951-ம் வருஷம் டிசம்பர் 20-ந் தேதி அதன் மின்சாரத்தில் நான்கு விளக்குகள் எரிந்தன. எரித்ததற்குக் குறையாத எரிபொருள் அதில் விளைகிறது என்பதும் 1953-ல் அளந்து நிரூபிக்கப்பட்டது. 'யுரேனியப் பஞ்சம் தீர்ந்தது' என்று அன்றைய விஞ்ஞானிகள் நம்பினார்கள்.

ஆனால் கணக்குச் சரியாக இருந்தால் மட்டும் காரியம் கைகூடிவிடுமா? அதே ஆர்க்கோ உலையில் 1955-ல் ஒரு சோதனையின்போது எரிபொருளின் ஒரு பகுதி உருகிவிட்டது. டிட்ராய்ட் நகருக்கு அருகே பெர்மியின் பெயரால் கட்டிய ஈனுலையிலும் 1966 அக்டோபரில் அப்படியே நேர்ந்தது. பிரான்ஸ் தேசத்தார் 1,200 மெகாவாட் சக்தியுள்ள 'சூப்பர் பீனிக்ஸ்' என்ற பெரும் உலையைக் கட்டி 1986-ல் மின்சாரம் எடுத்தார்கள். ஸோடியக் கசிவும் பழுதும் எதிர்ப்பும் செலவும் சூழ்ந்துகொள்ளவே, 1997-ல் அதை மூடத் தீர்மானித்தார்கள். ஜப்பானியருடைய 'மோஞ்ஜு' உலையில் 1995-ம் வருஷம் டிசம்பர் 8-ந் தேதி ஸோடியம் கசிந்து தீப்பிடித்தது. அதற்குப் பிறகு அது சரியாகத் தலைதூக்கவே இல்லை. 2016-ல் அதையும் கைவிட்டார்கள்.

விடாப்பிடியாக நின்றவர்கள் ருஷ்யர்கள். காஸ்பியன் கடலோரத்தில் 1973 முதல் 1999 வரை அவர்கள் கட்டிய ஓர் ஈனுலை மின்சாரம் தந்ததோடு, உப்புநீரைக் குடிநீராக்கவும் உதவிற்று. யூரல் மலைப் பிரதேசத்தில் பெலயார்ஸ்க் என்னுமிடத்தில் 1980-ல் தொடங்கிய 600 மெகாவாட் ஈனுலையில், ஆரம்ப வருஷங்களில் பல தடவை ஸோடியம் கசிந்தது. அவர்கள் ஒவ்வொரு கசிவையும் ஒரு பாடமாகக் கொண்டு குழாய்களையும் வால்வுகளையும் திருத்தி, உலையைப் பல பத்தாண்டுகள் நடத்திக் காட்டினார்கள். 2015-ல் அதன் பக்கத்திலேயே 800 மெகாவாட் வகையைச் சேர்ந்த இன்னொன்றும் மின்சாரம் தரத் தொடங்கிற்று.

மணலில் கிடக்கும் புதையல்

செல்வமிகுந்த தேசங்கள் பலவும் விலகிக்கொண்ட காரியத்தில் நமது தேசம் ஏன் பிடிவாதமாக இருக்கிறது? விடை நமது மண்ணில் இருக்கிறது.

கல்யாண வீடுகளில் பெட்ரோமாக்ஸ் விளக்குப் பிரகாசித்த காலத்தை நினைவில் வைத்திருப்போர் இன்றும் உண்டு. அந்த விளக்கின் பட்டுப்பை போன்ற வலையில், வெள்ளை வெளேரென்ற ஒளியைத் தந்தது தோரியம் என்னும் உலோகத்தின் ஆக்ஸைடு. 1909-ம் வருஷத்தில் ஷாம்பர்க் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர், திருவாங்கூரிலிருந்து கப்பலேறிய தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில், தோரியம் அடங்கிய மோனஸைட் என்ற தாது இருப்பதைக் கண்டார். குமரி ஜில்லாவின் மணவாளக்குறிச்சியிலிருந்தும், கேரளக் கரையின் சவறாவிலிருந்தும் அந்த மணல் விளக்கு வலைகளுக்காக அயல்நாடு சென்ற வரலாறு அவ்வாறு தொடங்கியதே. நமது தேசத்தில் யுரேனியம் குறைவு, தோரியமோ மிகுதி. சர்க்கார் கணக்கின்படி நமது கடற்கரை மணல்களில் பத்து லட்சம் டன்னுக்குக் குறையாத தோரியம் அடங்கியிருக்கிறது.

ஆனால் தோரியம் முழுக்க முழுக்கப் பச்சை விறகு. யுரேனியத்தில் ஆயிரத்துக்கு ஏழாவது காய்ந்த சுள்ளி உண்டு. தோரியத்தில் அதுவும் இல்லை. அது நியூட்ரானை விழுங்கினால் ஏறக்குறைய ஒரு மாத காலத்தில் யுரேனியம்-233 என்ற நல்ல எரிபொருளாக மாறும். விழுங்குவதற்கு நியூட்ரானை வேறொரு தீ கொடுத்தாக வேண்டும்.

டாக்டர் ஹோமி பாபா 1954-ல் இதற்கு மூன்று படிகள் கொண்ட திட்டம் ஒன்றை வகுத்தார். முதற்படியில் நமது சொற்ப யுரேனியத்தைக் கனநீர் உலைகளில் எரிப்பது. அதன் சாம்பலிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுப்பது. இரண்டாம் படியில் அந்தப் புளூட்டோனியத்தை ஈனுலைகளில் இட்டுப் பெருக்குவது. போதிய அளவு பெருகியபின் தோரியத்தைப் போர்வையாகச் சுற்றி யுரேனியம்-233-ஐ விளைவிப்பது. மூன்றாம் படியில் தோரியத்தையும் யுரேனியம்-233-ஐயும் கொண்டே தலைமுறை தலைமுறையாக உலைகளை நடத்துவது. இரண்டாம் படி ஏறாமல் மூன்றாம் படிக்குத் தாவ முடியாது. டாக்டர் பாபா 1966 ஜனவரியில் ஆல்ப்ஸ் மலைமேல் நேர்ந்த விமான விபத்தில் காலமானார், திட்டம் நின்றுவிடவில்லை.

கல்பாக்கத்துச் சோதனை ஈனுலை பிரான்ஸ் தேசத்து 'ராப்ஸோடி' உலையின் மாதிரியில் அமைந்தது. அதற்கு வேண்டிய செறிவூட்டிய யுரேனியம் அந்நாட்டிலிருந்து வருமென்று முதலில் எதிர்பார்த்தார்கள். 1974 மே மாதம் போக்ரான் பாலைவனத்தில் நமது தேசம் அணுச் சோதனை நடத்திய பின் அந்த வழி அடைபட்டுவிட்டது. அடுப்புத் தயாராகிறது, விறகு இல்லை! அப்போது டிராம்பேயிலுள்ள நமது விஞ்ஞானிகள், வேறெங்கும் உலையின் முழு எரிபொருளாகக் கையாளப்படாத புளூட்டோனியக் கார்பைடைத் தயாரிக்க முற்பட்டார்கள். காற்றும் ஈரமும் பட்டால் தீப்பற்றக்கூடிய பொருள் அது. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் காற்றை அகற்றி வேறு வாயுவை நிரப்பி, கையுறைத் துளைகள் வழியே கைகளை விட்டு அதைக் கையாண்டார்கள். அந்த எரிபொருளில்தான் 1985-ல் உலை பற்றிக்கொண்டது. சாதாரண கனநீர் உலையில் எரிபொருளின் நூறு கன அணுக்களில் ஒன்றுகூட முழுதாக எரிவதில்லை. கார்பைடு எரிபொருளிலோ நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் எரிந்தும் குழல்கள் தாங்கின. 1996-ல் அதே வளாகத்தில் 'காமினி' என்ற சிறிய உலை யுரேனியம்-233-ஐக் கொண்டு இயங்கத் தொடங்கிற்று. தோரியத்தின் வழி மூடிய வழியல்ல என்பதற்கு அது ஒரு சான்று.

பெரிய முன்மாதிரி ஈனுலையின் கட்டுமானம் 2004-ம் வருஷம் தொடங்கிற்று. அதே வருஷம் டிசம்பர் 26-ந் தேதி வந்த ஆழிப்பேரலை, அஸ்திவாரக் குழியைக் கடல்நீரால் நிரப்பிவிட்டது. நீரை இறைத்து மறுபடியும் தொடங்கினார்கள். 2010-ல் முடியுமென்று கருதிய வேலை நீண்டுகொண்டே போய், உலையின் உட்கூட்டை நிரப்பும் பணி 2024-ம் வருஷம் மார்ச்சு 4-ந் தேதிதான் ஆரம்பமாயிற்று.

விதைநெல்

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அடுப்புக் கதையில் இரண்டு விஷயங்களை வேண்டுமென்றே மறைத்துவிட்டேன். அவற்றை இப்போது சொல்லாவிட்டால் நேயர்களை ஏமாற்றியவனாவேன்.

முதலாவது, பதினொரு கட்டைகளைச் சாம்பலிலிருந்து அம்மாள் கையால் பொறுக்கி எடுக்க முடியாது. அந்தச் சாம்பல் அருகே சென்றவரைக் கொல்லும் கதிரியக்கம் உடையது. தடித்த கான்கிரீட் சுவருக்கு அப்பால் யந்திரக் கைகளைக் கொண்டு குழல்களை வெட்டி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த எண்ணெயில் கலந்த ஒரு ரசாயனத்தால் யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் ஈர்த்து எடுத்து, மறுபடியும் எரிபொருளாக வார்க்கவேண்டும். இந்தத் தொழிற்சாலை இல்லாத ஈனுலை, களம் இல்லாத வயலுக்குச் சமானம். எடுத்த புளூட்டோனியத்தையும் பொன்னைக் காப்பதைவிடக் கவனமாகக் காக்கவேண்டும். 1945 ஆகஸ்டு 9-ந் தேதி நாகஸாகி நகரை அழித்த குண்டில் இருந்தது ஆறு கிலோ அளவுள்ள புளூட்டோனியமே. ஒரு பெரிய ஈனுலையில் அதைப்போல் பல நூறு மடங்கு இருக்கும். கிராம் கணக்கில் எண்ணி வைக்காத தேசம் ஈனுலையை வைத்துக்கொள்ளத் தகுதியற்றது.

இரண்டாவது, பத்துக்குப் பதினொன்று கிடைப்பது ஒரே நாளில் அன்று. எரிபொருள் உலைக்குள் வருஷக் கணக்கில் எரிகிறது, பிறகு சூடு தணியக் காத்திருக்கிறது, பிறகு பிரித்தெடுக்கப்படுகிறது. முன்மாதிரி உலையிலோ நூறுக்குக் கிடைப்பது நூற்றைந்து அளவே. ஓர் உலையின் மிச்சத்தைச் சேர்த்து இரண்டாவது உலைக்கு விறகு தேடப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆக்ஸைடுக்குப் பதில் உலோக எரிபொருளைக் கையாண்டால் இந்தக் காலம் வெகுவாகக் குறையும். எனினும் அதையும் படிப்படியாகச் சோதித்துத்தான் பார்க்கவேண்டும்.

ஆகவே ஈனுலையை அடுப்பு என்று சொல்வதைவிட வயல் என்று சொல்வதே பொருந்தும். பஞ்ச காலத்திலும் நமது குடியானவர்கள் விதைநெல்லைக் கோட்டை கட்டி வைத்தார்கள். பசித்த வயிறு கேட்டாலும் அதை உலையில் போடவில்லை. அந்த நெல் ஒரு போகத்தில் பல மடங்காகும். புளூட்டோனியம் என்ற விதையோ ஒரு தலைமுறையில்தான் இரட்டிக்கும். அதை விதைப்பவர்கள் அறுவடையை முழுதும் காண மாட்டார்கள். காலதாமதத்தைக் கண்டு வயலைத் தரிசாகப் போடுவதும் பிழை. தாமதத்தை ஈடுசெய்ய அவசரப்பட்டு வரப்பை உடைப்பதும் பிழை. கசிவு நேர்ந்தால் மறைக்காமல் சொல்லி, காரணம் கண்டு, திருத்தி, மறுபடியும் மூட்டுகிற பொறுமை உள்ளவர்களுக்கே இந்த அடுப்பு விறகு தரும்.

கல்பாக்கத்துக் கடற்கரையில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் உலையின் கட்டிடம். மறு பக்கம் மீனவர் குப்பம். மாலையில் அங்கும் அடுப்பு எரிகிறது. அம்மாமார் சாம்பலைக் கிளறி நெருப்பை மறுநாளைக்குக் காத்து மூடி வைக்கிறார்கள். உலைக்குள்ளே இருப்பவர்கள் செய்ய வேண்டியதும் அதுவேதான்.